முதல் புரோக்கரேஜை விட்டு விலகும்போது: புது ரியல் எஸ்டேட் ஏஜென்டுக்கு ஒரு வழிகாட்டி

நான் முதல் புரோக்கரேஜை (ஏஜென்டுகள் சேர்ந்து வேலை செய்யும் ரியல் எஸ்டேட் நிறுவனத்தை) விட்டு விலகியபோது, லைசென்ஸை மாற்றும் வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மாநில ஆணையத்தின் இணையதளத்தில் நுழைந்து, புது புரோக்கரின் லைசென்ஸ் எண்ணைப் போட்டு அனுப்பினேன். அந்தப் பக்கம் அவர் ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான். மற்ற வேலைகளுக்கு மூன்று வாரம் பிடித்தது. அதில் இரண்டு வாரம், வரிசையை மாற்றிச் செய்ததால் நானே இழுத்துவிட்டுக்கொண்டது. கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டேன். முதலில் படிக்க வேண்டியதைக் கடைசியில்தான் படித்தேன்.

அமெரிக்காவில் லைசென்ஸ் எடுத்து ஒன்றிரண்டு வருடம் ஆன ஏஜென்டுகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்ஸஸ் என்றால் டிரெக், கலிஃபோர்னியா என்றால் டிஆர்இ, நியூயார்க் என்றால் டிபார்ட்மென்ட் ஆஃப் ஸ்டேட் என்று உங்கள் மாநில ஆணையம் எதுவோ, அதன் பக்கத்தைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரியும். லைசென்ஸ் சட்டத்தின்படி நீங்கள் தனி ஆள் இல்லை. ஒரு புரோக்கரின் கீழ்தான் வேலை செய்ய முடியும். வாடிக்கையாளரிடம் நேராகக் கமிஷன் வாங்க முடியாது, எல்லாம் புரோக்கர் வழியாகத்தான் வர வேண்டும். (இல்லினாய், வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் புதிதாக வருபவரையே புரோக்கர் என்றுதான் அழைப்பார்கள். அங்கேயும் மேலே ஒரு மேனேஜிங் புரோக்கர் இருப்பார்.) வரித்துறையைக் கேட்டால் வேறு கதை சொல்லும். வருமான வரிச் சட்டத்தின் 3508-ஆம் பிரிவு, குறிப்பிட்ட நிபந்தனைகளின் கீழ், லைசென்ஸ் உள்ள ரியல் எஸ்டேட் ஏஜென்டை ஊழியர் அல்லாதவராகவே கணக்கில் எடுக்கிறது. ஆக, செலவு முழுக்க உங்களுடையது. ஆனால் நீங்கள் பிடித்துவந்த லிஸ்டிங் (விற்றுத்தர ஒப்புக்கொண்ட வீடு) உங்களுடையது இல்லை. விலகும்போது வரும் தகராறு ஏறக்குறைய எல்லாமே இந்த இரட்டை நிலையிலிருந்துதான் வருகிறது.

விலகத்தான் வேண்டுமா?

ஒப்பந்தத்தை யாரும் பார்த்துக் கொடுப்பதில்லை, சனிக்கிழமை இரவு ஆஃபர் எழுதும்போது போன் செய்தால் எடுப்பதில்லை, டீலே இல்லாத ஏஜென்டிடம் மாதாமாதம் கட்டணம் மட்டும் தவறாமல் பிடிக்கிறார்கள் என்றால், விலகுவது நியாயம். சட்டத்துக்குப் புறம்பாக ஏதாவது செய்யச் சொன்னால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் "அங்கே கமிஷனில் 90 சதவீதம் தருகிறார்களாம்" என்பது மட்டுமே காரணம் என்றால் கொஞ்சம் பொறுங்கள். பூஜ்ஜியத்தில் 90 சதவீதமும் பூஜ்ஜியம்தான். ஒரு டீல்கூட முடிக்காதவருக்கு, கமிஷனைப் புரோக்கரேஜோடு பிரித்துக்கொள்ளும் விகிதமான ஸ்ப்ளிட்டைவிட, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஆள்தான் முக்கியம் என்பது என் எண்ணம். நிறையப் பேர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் வேலை: கையெழுத்துப் போட்டதைப் படிப்பது

சேர்ந்த அன்று போனிலேயே இருபது இடத்தில் விரலால் தட்டிக் கையெழுத்துப் போட்டீர்களே, அந்த இண்டிபெண்டென்ட் கான்ட்ராக்டர் அக்ரிமென்ட்டை (ஊழியராக இல்லாமல் வேலை செய்வதற்கான ஒப்பந்தத்தை) தேடி எடுங்கள். கூடவே பாலிசி மேனுவலையும். மேனுவலில் உள்ளதும் கட்டுப்படுத்தும் என்று அக்ரிமென்ட்டில் ஒரு வரி இருக்கும். அதனால் ஒன்றை மட்டும் படித்தால் போதாது.

விலகினால் எத்தனை நாள் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று பாருங்கள். அடுத்து, விலகிய பிறகு முடியும் டீல்களில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். பணம் இருப்பது இந்த வரியில்தான். சேரும்போது தந்த பயிற்சிக்கோ போனஸுக்கோ திருப்பிக் கட்டச் சொல்லும் வரி இருக்கிறதா? கூட வேலை செய்யும் ஏஜென்டுகளைப் புது இடத்துக்கு அழைக்கக் கூடாது என்ற தடை எத்தனை மாதத்துக்கு? கம்பெனியின் வாடிக்கையாளர் தகவலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? இவை கண்ணில் படும்போதே மஞ்சள் பூசி வையுங்கள். ஏதாவது ஒன்று பயமுறுத்தினால் ஒரு வக்கீலுக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் காட்டிவிடுங்கள். வீணாகாது.

கட்டணம் எந்தத் தேதியில் பிடிக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி பிடிப்பார்கள். நான் விலகியது 3-ஆம் தேதி. இரண்டு நாளுக்கு ஒரு முழு மாதக் கட்டணம்.

எது உங்களுடையது, எது அவர்களுடையது

லிஸ்டிங் அக்ரிமென்ட் வீட்டுக்காரருக்கும் புரோக்கரேஜுக்கும் இடையிலானது. நீங்கள் அவர்கள் சார்பில் கையெழுத்துப் போட்டவர், அவ்வளவே. நீங்கள் போனாலும் லிஸ்டிங் அங்கேயே இருக்கும். புரோக்கர் மனது வைத்து விடுவித்தால், வீட்டுக்காரர் உங்கள் புது புரோக்கரேஜோடு புதிதாக ஒப்பந்தம் போடலாம். நல்லபடியாகக் கேட்டால் விட்டுக்கொடுக்கும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். விலகும் மனநிலையில் இருக்கும் ஏஜென்டின் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பதில் அவர்களுக்கும் தலைவலிதான். ஆனால் விட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

எனக்கு அப்போது ஒரே ஒரு லிஸ்டிங். அதை விடவில்லை, வேறு ஏஜென்டிடம் கொடுத்தார்கள். வீட்டுக்கார அம்மா போன் செய்து, "நீங்கதானேம்மா விக்கறதா பேச்சு, இப்ப யாரோ ஒருத்தர் வந்து நிக்கறார்?" என்றார். என்னிடம் சரியான பதில் இல்லை. ஏனென்றால் கையெழுத்துப் போடும்போது இதை நான் அவருக்கு விளக்கியிருக்கவில்லை. இப்போதெல்லாம் லிஸ்டிங் எடுக்கும் அன்றே சொல்லிவிடுகிறேன்: ஒப்பந்தம் கம்பெனியோடு, நான் அவர்கள் ஆள்.

வீடு வாங்குபவர் ஒப்பந்தமும் இதே மாதிரிதான். 2024 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்துக்குப் பிறகு, எம்எல்எஸ்ஸில் (விற்பனைக்கு உள்ள வீடுகளை ஏஜென்டுகள் பகிர்ந்துகொள்ளும் பட்டியலில்) இருக்கும் ஏஜென்ட் வாங்குபவரோடு சேர்ந்து வேலை செய்தால், வீட்டைக் காட்டுவதற்கு முன்பே எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும். அதனால் புது ஏஜென்டிடம்கூட இப்போது ஏழெட்டு ஒப்பந்தங்கள் கையில் இருக்கும், எல்லாம் பழைய புரோக்கரேஜின் பெயரில். ஒவ்வொன்றும் எப்போது காலாவதியாகிறது என்று பட்டியல் போடுங்கள். இரண்டு வாரத்தில் தானாக முடிவதற்காக யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை.

லீடு, அதாவது வாடிக்கையாளராக வரக்கூடியவர்களின் தகவல், விஷயத்தில் கவனம் தேவை. கம்பெனி காசு கொடுத்து வாங்கித் தந்த லீடு கம்பெனியுடையது. உங்கள் பெரியப்பா மகன், பழைய ஆபீஸ் நண்பர்கள், பிள்ளையின் பள்ளியில் பழக்கமானவர்கள் எல்லாம் உங்கள் ஆட்கள். சிக்கல் எங்கே என்றால், இரண்டையும் ஒரே கம்பெனி மென்பொருளில் கலந்து போட்டு வைத்திருப்போம். விலகும் எண்ணம் வந்ததும் மொத்தத்தையும் ஒரே தட்டில் தரவிறக்கிக்கொண்டு போனால், பின்னால் வக்கீல் கடிதம் வரலாம். உங்கள் சொந்த ஆட்களை உங்கள் போனிலும் சொந்த மின்னஞ்சலிலும் முதல் நாளிலிருந்தே தனியாக வைத்திருப்பதுதான் சரி. இதுவரை வைக்கவில்லை என்றால் இன்றே ஆரம்பியுங்கள், விலகினாலும் சரி விலகாவிட்டாலும் சரி.

டீல் ஆவணங்களைச் சட்டப்படி பாதுகாக்க வேண்டியவர் புரோக்கர். கலிஃபோர்னியாவில் 3 வருடம், டெக்ஸஸில் 4, ஃப்ளோரிடாவில் 5. அக்ரிமென்ட் அனுமதித்தால் நீங்கள் முடித்த டீல்களின் நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் நிற்கும் டீல்கள்

பணம் போகும் வழி இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

4 லட்சம் டாலர் வீடு. உங்கள் பக்கத்துக் கமிஷன் 2.5 சதவீதம் என்று வைத்தால் 10,000 டாலர். ஸ்ப்ளிட் 70-30 என்றால் உங்களுக்கு 7,000. குளோசிங்குக்கு (விற்பனை முடிந்து பணம் கைமாறும் நாளுக்கு) இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. உங்கள் அக்ரிமென்ட்டில், விலகிய பிறகு குளோஸ் ஆகும் டீலுக்கு 50 சதவீதம், அதிலிருந்து மீதி வேலையைப் பார்ப்பவருக்கு 400 டாலர் என்று இருந்தால், கையில் வருவது 4,600. ஒன்பது நாள் பொறுத்திருந்தால் கூடுதலாக 2,400 டாலர். எந்தப் புது புரோக்கரேஜும் அந்த ஒன்பது நாளில் அவ்வளவு தரப்போவதில்லை.

அதனால், கான்ட்ராக்டில் இருக்கும் டீல்கள் குளோஸ் ஆகும்வரை காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள். புதிதாக எதையும் பிடிக்காமல், கையில் உள்ளதை முடித்துவிட்டுக் கிளம்புவது சுத்தமான வழி. முடியாது என்றால் ஒவ்வொரு டீலுக்கும் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: வீட்டு முகவரி, குளோசிங் தேதி, உங்கள் பங்கு எத்தனை சதவீதம், என்னென்ன கழிப்பார்கள், மீதி வேலையைப் பார்க்கப்போவது யார், பணம் உங்களுக்கு நேராக வருமா அல்லது புது புரோக்கர் வழியாக வருமா. அவர்கள் கீழ் இருந்தபோது செய்த வேலைக்கான கமிஷனை, நீங்கள் போன பிறகும் பழைய புரோக்கர் கொடுப்பதைப் பொதுவாகச் சட்டம் தடுப்பதில்லை. ஆனால் வழி மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

ரெஃபரல் (வாடிக்கையாளரை அனுப்பிவைத்ததற்கான பங்கு) என்று பேசி முடித்தால் இன்னொரு வெட்டு இருக்கிறது. அந்தப் பணம் புரோக்கரிடமிருந்து புரோக்கருக்குப் போகும். பழையவர் 25 சதவீதம் அனுப்பினால், அது புது புரோக்கரிடம் வந்து, அங்கே உங்கள் புது ஸ்ப்ளிட்டின்படி இன்னொரு முறை பிரியும். இதை நான் காசோலையைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த இடத்தை முடிவுசெய்வது

சொல்வதற்கு முன்னால் போகும் இடம் உறுதியாகியிருக்க வேண்டும். பேச்சில் மட்டும் இல்லை, அவர்கள் அக்ரிமென்ட்டைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகு. புது இடத்தில் எல்லோரும் ஸ்ப்ளிட், கேப் (புரோக்கரேஜ் எடுக்கும் பங்குக்கு வருடாந்திர உச்சவரம்பு), டிரான்ஸாக்‌ஷன் கட்டணம் எல்லாம் விளக்கமாகச் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: "என் முதல் ஐந்து கான்ட்ராக்டை யார் பார்ப்பார்? அவர் இன்னும் எத்தனை ஏஜென்டுகளைப் பார்க்கிறார்? நான் ஒருநாள் இங்கிருந்து விலகினால் நடுவில் நிற்கும் டீலுக்கு என்ன தருவீர்கள்?" கடைசிக் கேள்வியைக் கேட்டதும் முகம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால், அங்கேயும் இதே கதைதான்.

பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. ஃப்ளோரிடாவில் முதல் புதுப்பிப்புக்கு முன் 45 மணி நேரப் படிப்பு முடிக்க வேண்டும். வேறு சில மாநிலங்களிலும் இது மாதிரி உண்டு. புரோக்கரேஜ் மாறினாலும் அந்தக் கெடு மாறாது.

சொல்வது

காலை 10 மணிக்கு மேனேஜிங் புரோக்கரைப் பார்த்துச் சொன்னேன். சிரித்த முகமாகத்தான் பேசினார், நல்லா வருவீங்க என்று வாழ்த்தினார். 10.40-க்குக் காரில் உட்கார்ந்து போனைப் பார்த்தால் கம்பெனி மின்னஞ்சல் பூட்டியிருந்தது. சரி, நடைமுறை போல என்று விட்டுவிட்டேன். நடுவில் நின்ற ஒரு டீலில் அப்ரைசல் (வீட்டின் மதிப்பீடு) குறைவாக வந்துவிட்டது என்று கடன் தரும் லெண்டர் அனுப்பிய கடிதம் அந்தப் பூட்டிய பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது. இரண்டு நாள் கழித்து, வாங்குபவரே பதறிப்போய் என்னைக் கூப்பிட்டபோதுதான் எனக்குத் தெரியும். கான்ட்ராக்டில் அதற்குப் பதில் சொல்லும் கெடு அன்று மாலை ஐந்து மணி. என் இடத்தில் பார்க்க வேண்டிய ஏஜென்டுக்கு அந்த டீல் தன்னுடையது என்றே யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதனால், சொல்லப்போகும் நாளுக்கு முந்தைய வாரத்தில் ஒவ்வொரு டீலுக்கும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: கெடு தேதிகள், லெண்டர், டைட்டில் கம்பெனி (வீட்டு உரிமையைச் சரிபார்க்கும் நிறுவனம்), எதிர்ப்பக்க ஏஜென்டின் எண். சொல்லும்போதே அதைக் கையில் கொடுத்து, "இதை யார் பார்ப்பார்கள் என்று இன்றே சொல்லிவிடுங்கள் சார்" என்று கேளுங்கள். உள்ளே போகும்போதே அக்சஸ் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு தயாராகுங்கள்.

பேச்சைச் சுருக்கமாக வையுங்கள். நேரிலோ போனிலோ சொல்லிவிட்டு, அன்றே மின்னஞ்சலில் நான்கு வரி: எந்தத் தேதியிலிருந்து விலகுகிறேன், லைசென்ஸ் இந்தத் தேதியில் மாறும், டீல் பட்டியல் இணைப்பில், லிஸ்டிங்கை விடுவிக்கும்படி கேட்கிறேன். ஏன் போகிறேன் என்று பட்டியல் போட வேண்டாம். மனத்தாங்கல் இருந்தாலும் அந்தக் கடிதத்தில் வேண்டாம். அடுத்த வருடம் ஏதோ ஒரு டீலில் எதிர்ப்பக்கம் அவர்களே உட்கார்ந்திருப்பார்கள்.

வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே "நான் போகிறேன், நீங்களும் வந்துவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள். பழைய புரோக்கரேஜோடு ஒப்பந்தத்தில் இருப்பவரை அப்படி இழுப்பது வழக்குக்கு இடம் கொடுக்கும். ரியல்டர் சங்க உறுப்பினர் என்றால், நெறிமுறைக் கோட்பாட்டின் 16-ஆம் விதி மற்ற புரோக்கரின் பிரத்யேக ஒப்பந்தத்தில் தலையிடாதே என்கிறது. 15-ஆம் விதி, சக தொழில் செய்பவரைப் பற்றித் தவறான தகவல் பரப்பாதே என்கிறது.

லைசென்ஸ் மாறும் நாள்

பழைய புரோக்கர் விடுவித்த நொடிக்கும் புதியவர் ஏற்றுக்கொள்ளும் நொடிக்கும் நடுவில் உங்கள் லைசென்ஸ் இனாக்டிவ். அது அரை மணி நேரமாகவும் இருக்கலாம், புது புரோக்கர் வெளியூரில் இருந்தால் மூன்று நாளாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் வீடு காட்டக் கூடாது, ஓப்பன் ஹவுஸ் (யார் வேண்டுமானாலும் வந்து வீட்டைப் பார்க்கும் நிகழ்ச்சி) கூடாது, ஆஃபர் எழுதக் கூடாது, "வீடு விற்கணுமா, கூப்பிடுங்க" என்று பேஸ்புக்கில் போடுவதும் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்ததாகக் கணக்காகும். வார நடுவில், எந்த அப்பாயின்ட்மென்டும் இல்லாத நாளாகப் பாருங்கள். புதியவரிடம் முதல் நாளே சொல்லி, அவர் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் நேரத்தில் அனுப்புங்கள். பிறகு ஆணையத்தின் பொதுத் தேடலில் உங்கள் பெயரைப் போட்டு, புது புரோக்கரின் பெயர் வருகிறதா என்று பார்த்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவும்.

எம்எல்எஸ்ஸும் உள்ளூர் ரியல்டர் சங்கமும் தனி. லைசென்ஸ் மாறியது அவர்களுக்குத் தானாகத் தெரியாது, மாற்றப் படிவம் கொடுக்க வேண்டும். புது இடம் வேறு சங்கத்தின் கீழ் என்றால் புதிதாகச் சேரும் கட்டணம் வரலாம், முதலிலேயே கேளுங்கள். சூப்ராவோ சென்ட்ரிலாக்கோ, லாக்பாக்ஸை (வீட்டு வாசலில் இருக்கும் சாவிப் பெட்டியை) திறக்கும் ஆப்பும் இதோடு சேர்ந்து நின்றுவிடலாம். வாங்குபவரோடு வாசலில் நின்றுகொண்டு பெட்டி திறக்காமல் விழித்தால், அதைவிட அசடு வழியும் நேரம் இந்தத் தொழிலில் கிடையாது.

விளம்பரங்களில் புரோக்கரேஜின் பெயர் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. எனவே பழைய பெயர் இருக்கும் ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டும்: ஜில்லோ, கூகிள், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், மின்னஞ்சல் கையொப்பம், காரேஜில் கிடக்கும் ஓப்பன் ஹவுஸ் பலகை. டெக்ஸஸ்காரர்கள் இணையதளத்தில் இருக்கும் ஐஏபிஎஸ் படிவத்தையும் (புரோக்கரேஜ் சேவைகள் பற்றிய அறிவிப்பு) மாற்ற வேண்டும், அதில் புரோக்கரின் பெயர் அச்சாகியிருக்கும். விசிட்டிங் கார்டு நூறு மட்டும் அடியுங்கள். பழைய கார்டு எண்ணூறு இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் செய்தி: "இனி இந்த புரோக்கரேஜில் வேலை செய்கிறேன், என் போன் நம்பர் அதேதான்." பழைய இடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

இன்ஷூரன்ஸும் வரியும்

தொழில் தவறுகளுக்கான இ அண்ட் ஓ காப்பீடு பெரும்பாலும் புகார் வந்த தேதியை வைத்து இயங்கும், டீல் நடந்த தேதியை வைத்து இல்லை. மார்ச்சில் ஒரு வீடு விற்றீர்கள், ஜூனில் விலகினீர்கள், அடுத்த பிப்ரவரியில் அடித்தளத்தில் தண்ணீர் வருகிறது, மறைத்துவிட்டார்கள் என்று வாங்கியவர் வழக்குப் போடுகிறார். அன்று நீங்கள் பழைய பாலிசியில் இல்லை. புதிய பாலிசி முந்தைய வேலையை ஏற்குமா என்பது அதில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. பழையவரிடம் விலகியவர்களுக்கு நீட்டிப்பு உண்டா என்றும், புதியவரிடம் முந்தைய டீல்களுக்குப் பாதுகாப்பு உண்டா என்றும் இரண்டு கேள்வி, இரண்டு மின்னஞ்சல். கொலராடோ, டென்னசி போல இந்தக் காப்பீட்டை மாநிலமே கட்டாயமாக்கிய இடங்களில், மாறும்போது இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். புது இடத்தில் டபிள்யூ-9 (உங்கள் வரி எண்ணைத் தெரிவிக்கும் படிவம்) கொடுக்க வேண்டும். காலாண்டு வரியை வழக்கம்போல ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15-களில் கட்டிக்கொண்டு போங்கள். மாற்றக் கட்டணம், புதுப் பலகை, புதுக் கார்டு எல்லாம் தொழில் செலவு, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடத்துக்கு உங்களுக்கு இரண்டு 1099-என்இசி படிவம் (ஊழியர் அல்லாதவருக்குக் கொடுத்த பணத்தின் கணக்கு) வர வேண்டும், இரண்டையும் ஜனவரி 31-க்குள் அவர்கள் அனுப்ப வேண்டும். எனக்குப் பழைய இடத்திலிருந்து வரவில்லை. விசாரித்தால், நான் காலி செய்துவிட்டு வந்த அபார்ட்மென்ட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். விலகும் மின்னஞ்சலின் கடைசி வரியாக இப்போதைய வீட்டு முகவரியையும் சேர்த்துவிடுங்கள்.